பந்தம் கொளுத்துமுன்: வளவு மரங்களில் மயிர்க்கொட்டி

ஐப்பசி மழை இரண்டு தரம் நன்றாகப் பெய்து ஓய்ந்தால், திருகோணமலையில் முருங்கை நிற்கிற வளவுகளில் அடுத்து வரும் கிழமைகளில் இதே பேச்சுத்தான். காலையில் முற்றம் கூட்டப் போனவர் மரத்தடியைப் பார்த்துவிட்டுத் தும்புத்தடியோடு பின்வாங்குவார். இடுப்பளவு உயரத்தில், மரப்பட்டைக்கே மயிர் முளைத்ததுபோலக் கபில நிறத்தில் ஒரு திட்டு. கிட்டப் போனால் அந்தத் திட்டு மெல்ல அசையும். மயிர்க்கொட்டிகள் நெருக்கியடித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பகல் முழுவதும் அப்படியே ஒட்டிக் கிடக்கும். இருட்டியதும் வரிசையாக மேலே ஏறி இலையைத் தின்னும். விடியுமுன் மறுபடி இறங்கி அதே இடத்துக்கு வந்துவிடும்.

மசுக்குட்டி என்று சொல்லும் வீடுகளும் உண்டு. பெயர் எதுவானாலும் உடனே கிடைக்கிற ஆலோசனை ஒன்றுதான்: “பந்தம் ஒண்டு கட்டிப் பிடியுங்கோ தம்பி, எல்லாம் பொசுங்கிப் போயிடும்.”

பொசுங்கும், உண்மைதான். முருங்கை மயிர்க்கொட்டிக்குத் தீப்பந்தம் பழைய முறை, விவசாய நூல்களிலும் இருக்கிறது. ஆனால் நம்முடைய வளவுகளில் நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். முருங்கைப் பட்டை மெல்லியது, நீர் நிறைந்தது. நகத்தால் கீறினாலே பச்சை தெரியும். மரத்தை வளர்க்கும் உயிர்ப்படை அந்தப் பச்சைக்கு உடனே உள்ளே இருக்கிறது. பந்தத்தை ஓரிடத்தில் நின்று பிடித்தால் மயிர்க்கொட்டியோடு அந்தப் படையும் வெந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பிறகு அந்தப் பக்கம் பிசின் வடியும், பட்டை உளுத்துக் கழரும், அதற்குள் மழைநீர் இறங்கும். கடைசியில் வாடைக்காற்றில் மரம் அந்த இடத்தில்தான் முறியும். முறிந்தது காற்றால் என்று நினைத்துக்கொள்வோம்.

மயிரைப் பற்றியும் யோசிக்க வேண்டும். நெருப்புப் பட்டதும் எல்லா மயிரும் எரிந்து சாம்பலாவதில்லை. சூட்டோடு எழும் காற்றில் ஒரு பகுதி பறந்து, பந்தம் பிடிப்பவரின் கழுத்திலும் கண்ணிலும் விழுகிறது. பக்கத்தில் கிடுகுவேலியோ ஓலைக்கொட்டிலோ இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது.

சவர்க்காரத் தண்ணீர் இதே வேலையை அமைதியாகச் செய்யும். மயிர்க்கொட்டியின் மேல் வெறும் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். மயிர்களின் மேல் முத்து முத்தாக நின்று உருண்டு விழும், உடம்பைத் தொடாது. உடம்பின் இரு பக்கமும் ஒன்பது சோடி மூச்சுத்துளைகள் இருக்கின்றன. மயிர்தான் அவற்றைக் காக்கும் குடை. சவர்க்காரம் கலந்ததும் தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை குறைகிறது. அது மயிருக்குள் இறங்கி, தோலின் மெழுகுப் படையைக் கரைத்து, மூச்சுத்துளைகளுக்குள் புகுந்துவிடும். சில நிமிடங்களில் பிடி தளரும்.

அளவு இதுதான்: 10 லீட்டர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் 150 முதல் 200 மில்லிலீட்டர். இது அடிமரத்துக்கு மட்டுமான அளவு. இதே செறிவை இலையில் அடித்தால் தளிர் கருகும். இலைக்கு லீட்டருக்கு 5 மில்லிலீட்டர், ஒரு தேக்கரண்டி, போதும். உடுப்புத் தோய்க்கும் தூளைப் பாவிக்க வேண்டாம். அதிலுள்ள சோடா இலையையும் வேரையும் சுடும்.

இந்த ஊரில் பலருக்கு இந்தக் கலவை பிழைத்துப்போவது தண்ணீரால். உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் கடலை ஒட்டிய கிணறுகள் பலவற்றில் வன்னீர். அதில் சவர்க்காரக் கட்டியைக் கரைத்தால் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து தயிர்போலத் திரைந்துவிடும். நுரை வராது, கொல்லவும் கொல்லாது, தெளிகருவியின் வாயும் அடைபடும். ஒரு போத்தலில் பாதிக்குக் கிணற்றுத் தண்ணீர் எடுத்து, பத்துத் துளி சவர்க்காரத் திரவம் விட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் சரி. பால்போலக் கலங்கி மேலே ஆடை மிதந்தால் குழாய்த் தண்ணீரையோ பீலியில் பிடித்த மழைத்தண்ணீரையோ எடுங்கள். மாரியில் மழைத்தண்ணீருக்குத்தான் பஞ்சமில்லையே.

நேரம் காலை ஏழு முதல் ஒன்பதுவரை. அதற்குள் இரவு மேய்ந்தவை எல்லாம் இறங்கிக் கூடியிருக்கும். நீளக்கைச் சேட், றப்பர் கையுறை, கண்ணாடி, கழுத்தைச் சுற்றித் துணி. காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருக்க நில்லுங்கள். முதலில் மரத்தைச் சுற்றிப் பழைய பொலித்தீனை விரித்து, அதன் ஓரத்தை மண்ணால் சற்று உயர்த்திவிடுங்கள். இதைச் செய்யாதவர்களுக்கு அரைவாசி மயிர்க்கொட்டி புல்லுக்குள் விழுந்து தப்பிப் பிறகு வேறு மரத்தில் ஏறும். திட்டின் மேல்விளிம்பிலிருந்து தொடங்குங்கள். கீழிருந்து அடித்தால் மேலே இருப்பவை உசும்பி ஏறிவிடும். இரண்டு கை அகலமான திட்டுக்கு ஒரு லீட்டர் வரை பிடிக்கும். வழிந்து ஓடும் அளவுக்கு நனைக்க வேண்டும், தூறல்போட்டால் போதாது. பத்து நிமிடம் விட்டு, நீளத்தடியுள்ள தும்புத்தடியால் மேலிருந்து கீழாக இழுத்துப் பொலித்தீனில் விழுத்தி, அங்கிருந்து சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் தட்டுங்கள். ஈர்க்குமாறு வேண்டாம். அதற்குக் குனிந்து முகத்தைக் கிட்டக் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

வாளியில் இருப்பவற்றை ஒரு முழ ஆழக் கிடங்கில் கொட்டி மூடுங்கள். எரித்தால் மறுபடி மயிர் பறக்கும். வாய்க்காலில் ஊற்றினால் மயிர் வேறொருவர் காலில் ஏறும். அடிமரத்தை நல்ல தண்ணீரால் ஒருமுறை கழுவிவிடுங்கள். அடுத்த இரண்டு மூன்று காலையும் கட்டாயம் பார்க்க வேண்டும். முதல் நாள் கொப்பிலேயே தங்கிவிட்டவை மறுநாள் இறங்கும். ஒரு நாள் அடித்துவிட்டு ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று விட்டுவிடுவோர் நிறைய.

இறங்குகிறவற்றைப் பிடிக்கப் பழைய சாக்கும் நல்ல கருவி. ஒரு சாணளவு அகலத்துக்கு மடித்து, நெஞ்சளவு உயரத்தில் மரத்தைச் சுற்றிக் கயிற்றால் நடுவில் மட்டும் கட்டுங்கள். மேல்பாதி கீழ்ப்பாதியின்மேல் தாவணிபோலத் தொங்கட்டும். பகலில் ஒளிய இடம் தேடுபவை அந்த மடிப்புக்குள் புகும். ஒவ்வொரு காலையும் அவிழ்த்து உதற வேண்டும். உதறாமல் விட்ட சாக்கு மயிர்க்கொட்டிக்கு நாமே கட்டிக்கொடுத்த வீடாகிவிடும். சிலர் கிறீஸை நேரே பட்டையில் பூசுகிறார்கள். முருங்கைக்கு அது ஆகாது, பட்டை மூச்சடைத்து வெடிக்கும். பூசத்தான் வேண்டுமென்றால் பொலித்தீன் சுற்றி அதன்மேல் பூசி, இரண்டு கிழமையில் கழற்றிவிடுங்கள். மண்ணெண்ணெய் எந்த மரத்தின் பட்டையிலும் படக்கூடாது.

இவ்வளவும் திட்டு கண்ணுக்குத் தெரிந்த பிறகு செய்கிற வேலை. என்னைக் கேட்டால், முருங்கை மயிர்க்கொட்டியோடு நடக்கும் போரில் பாதி, ஆவணி புரட்டாசியிலேயே மண்ணில் நடக்க வேண்டும்.

தின்று முடித்த மயிர்க்கொட்டி மரத்தை விட்டு இறங்கி மரத்தடி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிறது. மழை விழுந்து மண் நனைந்த பிறகு அந்துப்பூச்சிகள் வெளியே வருகின்றன. வெளிறிய மஞ்சள் கலந்த கபில நிறத்தில், மங்கிய கோடுகளோடு பெரிய பூச்சி. மழைக்கு அடுத்த இரவுகளில் விறாந்தை வெளிச்சத்தைச் சுற்றும். அது இலையிலும் இளங்கொப்பிலும் கும்பலாக முட்டையிடுகிறது. அந்த முட்டைகள்தான் நாம் பிறகு அடிமரத்தில் காண்கிற கூட்டம்.

ஆகவே கச்சான் காற்று ஓய்ந்து மாரிக்கு இன்னும் சில கிழமை இருக்கையில், கொப்பு விரிந்திருக்கும் வட்டத்துக்குள் மண்ணை இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்குக் கிளறிவிடுங்கள். மண்வெட்டியின் மூலையோ தோட்ட முள்ளோ போதும். அதைவிட ஆழம் போனால் தீனிவேர் அறுபடும். கிளறிய மண்ணில் கோழியை விட்டால் மிச்ச வேலையை அது முடித்துவிடும். கோழி இல்லாத வீட்டில் காகமும் மைனாவும் புலுனிக் கூட்டமும் வரும். கரையோர மணலில் இது அரைமணி நேர வேலை. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்துக் களிமண் காய்ந்து இறுகியிருக்கும். முதல்நாள் மாலை இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் கிளறுங்கள். மரத்தோடு ஒட்டிக் குவித்த சருகையும் தேங்காய்மட்டையையும் அப்புறப்படுத்துங்கள். அதுவும் அவற்றின் படுக்கைதான்.

முதல் பெருமழைக்குப் பிறகு ஒரு கிழமை விளக்குப்பொறி வைக்கலாம். அகலமான பேசினில் சவர்க்காரத் தண்ணீர், அதற்கு ஒரு முழம் மேலே ஒரு மின்குமிழ், இரவு ஏழு முதல் பத்துவரை. மரத்துக்கு நேர் கீழே வைத்தால் வெளியிலிருந்து பூச்சியை மரத்துக்கு அழைத்ததுபோலாகும். பத்துப் பதினைந்து அடியாவது தள்ளி வையுங்கள். ஒரு கிழமைக்கு மேல் வேண்டாம். விளக்கு நல்ல பூச்சிகளையும் கொல்லும்.

அதே நாட்களில் காலையில் இலைகளை அண்ணாந்து பாருங்கள். பொரித்த குஞ்சுப்புழுக்கள் முதல் சில நாட்கள் பிரியாமல் ஒரே இலைக்காம்பில் கூடியிருக்கும். அந்தக் காம்பில் சிற்றிலைகள் பச்சையம் சுரண்டப்பட்டு வெளிறித் தெரியும். கொக்கத்தடியால் அந்த ஒரு காம்பை முறித்துச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டால் முழுக் குடும்பமும் போயிற்று. இரண்டு கிழமை கழித்து ஒரு வாளி சவர்க்காரத் தண்ணீரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இதற்கு மரம் கைக்கெட்ட வேண்டும். இருபதடி உயரத்துக்கு விட்ட முருங்கையை யாராலும் பார்க்க முடியாது. காய்ப்பு முடிந்ததும், மழை இல்லாத நாளில், நெஞ்சளவு உயரத்தில் சரிவாக வெட்டி, வெட்டுவாயில் களியும் சாணமும் குழைத்துப் பூசுங்கள். தட்டையாக வெட்டினால் தண்ணீர் தேங்கி அடிவரை உளுக்கும். மாரி நடுவில் வெட்டவே கூடாது.

முருங்கையில் இன்னொரு சின்னப் புழுவும் உண்டு. மயிர் கிடையாது, கூட்டமும் கூடாது. இலைகளை நூலால் பின்னி உள்ளிருந்து தின்று, கடதாசிபோல ஊடுருவித் தெரியச் செய்யும். அதற்கு அடிமரத்தில் அடிப்பது வீண். பின்னிய நுனிகளைக் கிள்ளி எடுத்து, கீழே சொல்லும் வேப்பங்கரைசலை இலைக்கு அடியுங்கள். இதுவும் மண்ணில்தான் கூட்டுப்புழுவாகும் என்பதால் கிளறிய மண் இதற்கும் பயன்.

இனித் தேசிமரம். ஒரு தளிரை வளைத்துப் பிடித்துப் பாருங்கள். நுனியிலிருந்து இரண்டாவது மூன்றாவது இலையின் ஓரத்தில், குண்டூசித் தலையளவில், வெளிர்மஞ்சள் மணி ஒன்று தனியாக ஒட்டியிருக்கும். அது முட்டை. அதற்குக் கீழ் இலையில் காகம் எச்சமிட்டதுபோலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு துண்டு. குருவி எச்சம் என்று விட்டுவிடுவீர்கள், அதற்காகவே அதற்கு அந்த வேஷம். ஈர்க்கால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் கவர்போன்ற ஒரு கொம்பு வெளியே வரும், ஒரு புளித்த நாற்றமும் சேர்ந்து வரும். கொட்டாது, கடிக்காது. வளர்ந்ததும் பச்சையாகித் தேசியிலையோடு இலையாக மறைந்துவிடும்.

இது கறுப்பு மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. கறிவேப்பிலை, தோடை, வில்வம் எல்லாம் தேசியின் குடும்பம் என்பதால் எல்லாவற்றிலும் வரும். பெரிய தேசிமரத்தில் பத்துப் புழு இருந்தாலும் மரத்துக்கு ஒன்றும் ஆகாது, விட்டுவிடுங்கள். கன்றுதான் கவலை. முழங்காலளவுக் கன்றை ஐந்தாறு புழு ஒரு கிழமையில் மொட்டையடித்துவிடும். இதற்கு மருந்து அடிப்பதைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. மழைக்குப் பிறகும் பசளை போட்ட பிறகும் தளிர் விடும். அந்த இரண்டு மூன்று கிழமை மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்து நிமிடம் செலவழித்துக் கையால் பொறுக்கினால் போதும். பொறுக்கியதை வளவில் நிற்கும் பெரிய கறிவேப்பிலையில் விட்டுவிடலாம். ஊருக்குப் போகிறவர்கள் கன்றைச் சுற்றி மூன்று தடி நட்டு நுளம்புவலைத் துண்டால் மூடிவிட்டுப் போங்கள். வலை இலையைத் தொடக்கூடாது. தொட்டால் பூச்சி வலைக்கு வெளியே நின்றே முட்டையிட்டுவிடும்.

கண்ணுக்கு அதிகம் படாமல் மரத்தையே சாகடிப்பது பட்டைதின்னிப் புழு. கொய்யா, மா, மாதுளை, நாவல், முருங்கை எதையும் விடாது. கவரில், கிளை பிரியும் இடத்தில், மரத்தூளும் எச்சமும் நூலில் கோத்ததுபோல ஒரு கபிலப் பட்டி பட்டையின்மேல் வளைந்து வளைந்து போகும். கறையான் புற்று என்று நினைத்துவிடுவார்கள். கறையான் மண்ணால் கட்டும், விரலால் நசுக்கினால் மண்ணாக உதிரும். இது நாராக இழுபடும். இரவில் புழு துளையிலிருந்து வந்து, அந்தப் பட்டிக்கு அடியில் மறைந்து பட்டையைத் தின்னும். பகலில் துளைக்குள் போய்விடும். ஒரு துளைக்கு ஒரு புழுதான்.

பகலில் பழைய பல்துலக்கியால் அந்தப் பட்டியை முழுவதும் தேய்த்து எடுங்கள். பெரும்பாலும் கவரின் உள்மூலையில் பென்சில் நுழையும் அளவில் துளை தெரியும். சைக்கிள் கம்பியையோ கட்டுக்கம்பியையோ மெல்லத் திருப்பித் திருப்பி உள்ளே விடுங்கள். வளைவு வரும்போது அழுத்தாதீர்கள். நுனியில் ஈரம் ஒட்டி வந்தால் புழு செத்துவிட்டது. வராவிட்டால் பஞ்சில் சிறிது பெற்றோல் நனைத்துத் துளைக்குள் திணித்துக் களிமண்ணால் அடைக்கவும். சில துளி போதும். வழிந்து பட்டையில் படக்கூடாது, பக்கத்தில் நெருப்பும் இருக்கக்கூடாது. இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். களி அப்படியே இருந்தால் முடிந்தது, புதிதாகத் தூள் தள்ளியிருந்தால் மறுபடி. இந்தப் புழுவுக்கு இலையில் மருந்து தெளிப்பதால் ஒரு பயனும் இல்லை. அது இலையைத் தின்பதே கிடையாது.

தென்னையில் கருந்தலைப் புழு. வறண்ட மாதங்களில் கீழ் ஓலைகள் நெருப்புப் பட்டதுபோலச் சாம்பல் நிறமாகக் கருகும். தண்ணீர் போதவில்லை என்று நினைக்குமுன் ஓலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஈர்க்கை ஒட்டி நூலும் எச்சமும் சேர்ந்த சுரங்கம் இருந்தால் அது வரட்சி அல்ல, புழு. உயர்ந்த தென்னைக்கு மருந்தடிக்க நினைக்காதீர்கள். எட்டாது, எட்டினாலும் அந்தப் புழுவைத் தின்று வாழும் சிறு குளவிகளைத்தான் முதலில் கொல்லும். மோசமாகக் கருகிய அடி ஓலை இரண்டு மூன்றை மட்டும் வெட்டி அன்றைக்கே எரியுங்கள். பச்சை ஓலையில் கைவைத்தால் புழு செய்வதைவிட நீங்கள் செய்யும் சேதம் கூடிவிடும். பக்கத்து வளவுகளிலும் இருந்தால் தெங்குப் பயிர்ச்செய்கைச் சபைக்குச் சொல்லுங்கள். லுணுவிலையில் இருக்கும் தெங்கு ஆராய்ச்சி நிலையம் இந்தப் புழுவுக்கு எதிரான ஒட்டுண்ணிக் குளவிகளை வளர்த்து விடுகிற முறையை நீண்டகாலமாகக் கையாள்கிறது. ஒரு வீட்டுக்காரர் தனியாகத் தீர்க்கக்கூடிய பிரச்சினை அல்ல இது. பூச்சி வேலி பார்த்துப் பறப்பதில்லை.

மாமரத்தில் இலைகள் கொத்தாக ஒட்டிக் காய்ந்து தொங்கினால் கொக்கத்தடியால் அந்தக் கொத்தை இழுத்து எரித்துவிடுங்கள், உள்ளே புழு இருக்கும். மாதுளங்காய் தேசிக்காய் அளவு வந்ததும் துணிப்பையோ கடதாசிப்பையோ கட்டுங்கள். துளை விழுந்த காயை மரத்தில் விடாதீர்கள்.

வேப்பங்கரைசல் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த மாவட்டத்தில் வேம்பு இல்லாத ஒழுங்கை இல்லை. ஆனி ஆடியில் பழம் உதிரும். பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சாக்குப்பையில் காற்றோட்டமாக வையுங்கள். வெயிலில் காயவைத்தால் சத்துக் குறையும்; பொலித்தீன் பையில் கட்டிவைத்தால் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும், அதில் சத்து இல்லை. மூன்று மாதம் கடந்த, எட்டு மாதத்துக்கு மேற்படாத கொட்டைதான் நல்லது. ஆடியில் பொறுக்கியது ஐப்பசி மழைக்குச் சரியான பருவத்துக்கு வந்துவிடும். ஓட்டை உடைத்தால் உள்ளே பருப்பு பச்சை கலந்த மஞ்சளாக இருக்க வேண்டும்.

10 லீட்டருக்குப் பருப்பு 500 கிராம். ஓட்டோடு இடிப்பதானால் ஏறத்தாழ இரட்டிப்பு. உரலில் கரகரப்பாக இடியுங்கள். எண்ணெய் விட்டுக் களியாகும்வரை இடித்தால் வடிகட்ட முடியாது. துணியில் பொட்டலமாகக் கட்டி மூன்று லீட்டர் தண்ணீரில் ஓர் இரவும் மறுநாள் பகலும் ஊறவிட்டு, பாலாக வரும்வரை பிழிந்து, வேட்டித்துணியை இரட்டையாக மடித்து வடிகட்டுங்கள். பிறகு 10 லீட்டராக்கி, சவர்க்காரத் திரவம் இரண்டு மூன்று தேக்கரண்டி சேருங்கள். இல்லாவிட்டால் இலையில் நிற்காது. ஒரு ஆள் உயரத்துக்குச் சற்று மேலான மரத்துக்கு இரண்டு மூன்று லீட்டர் போதும், இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். கலக்கியதை அன்று மாலையே முடித்துவிடுங்கள், அடுத்த நாளுக்கு வைத்தால் புளித்துவிடும்.

வேம்பு அடித்த மறுநாள் புழு உயிரோடு நடமாடும். அதைப் பார்த்துப் பலர் மனம் சோர்ந்து கடை மருந்துக்குப் போகிறார்கள். வேம்பிலுள்ள சத்து தின்னும் ஆசையைக் கெடுக்கிறது, தோல் கழற்றுவதைத் தடுக்கிறது. பலன் தெரியச் சில நாட்கள் எடுக்கும். முற்றிய, விரல் நீளப் புழுவுக்கு அது தாமதமாகிவிடும், சின்னதாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். வெயில் அந்தச் சத்தை அழித்துவிடுவதால் பின்னேரம் ஐந்துக்குப் பிறகு அடியுங்கள், ஆறேழு நாளில் இன்னொரு முறை. அடித்த இரவே மழை கொட்டினால் கணக்கில் சேர்க்காதீர்கள். நடுப்பகலில் சவர்க்காரமோ எண்ணெயோ அடித்த இலை ஓரம் கருகும். மீன்தொட்டிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். சமையலுக்கு இலை பறிப்பதானால் ஒரு கிழமை விட்டு, கழுவி எடுங்கள்.

பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பற்றீரியாத் தூள் கிடைத்தால் இலைதின்னும் புழுக்களுக்கு அதைவிடப் பொருத்தமானது குறைவு. 1901இல் யப்பானில் பட்டுப்புழு நோயாகக் கண்டறியப்பட்டு, 1911இல் ஜேர்மனியின் துரிஞ்சியா மாநிலத்தில் மறுபடி கண்டறியப்பட்டு, பிறகு அந்த இடத்தின் பெயரைப் பெற்றது. புழு அதைத் தின்றால்தான் வேலை செய்யும். காரத்தன்மையான புழுவின் குடலில் கரைந்து குடற்சுவரை உடைக்கும், சில மணி நேரத்தில் தீனி நிற்கும், இரண்டு மூன்று நாளில் சாகும். தேனீக்கும் நமக்கும் அந்தக் குடல் இல்லை. லேபிளில் உள்ள அளவில், மாலையில், இலை முழுவதும் படும்படி அடிக்க வேண்டும். அடிமரத்தில் ஒட்டிக்கிடக்கும் கூட்டத்தின்மேல் அடித்தால் ஒரு பயனும் இல்லை. அந்த நேரம் அவை தின்பதில்லை.

கடையில் ‘புழுவுக்கு மருந்து’ என்று கேட்டு வாங்கும் இரசாயனத்தை முருங்கைக்கு அடிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இலை, பூ, காய் மூன்றையும் கிழமைக்கு இரண்டு முறை சமைக்கிறோம். பூவுக்குத் தேனீயும், கறுத்த தச்சன் வண்டும் வருகின்றன. அவை இல்லாவிட்டால் காய் குறையும். மேல்நோக்கி அடித்த மருந்து காற்றோடு அடித்தவர் முகத்திலும் அயலவர் கிணற்றிலும் இறங்கும். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெறாத எதையும், லேபிள் இல்லாத போத்தலில் சரித்துக் கொடுக்கும் எதையும் வாங்காதீர்கள். வேறு வழியே இல்லையென்று தோன்றினால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள், அல்லது கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு, பாதிக்கப்பட்ட இலையைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நமக்காக உழைப்பவர்களையும் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். மயிர்க்கொட்டியை எல்லாக் குருவியும் தின்னாது, ஆனால் செண்பகமும் குயிலினமும் தின்னும். செண்பகம் வந்து போகிற வேலிப் பற்றையை வெட்டித் துப்புரவாக்கிவிட்டு, புழு கூடிவிட்டது என்று வருந்துகிறோம். மாமரத்தில் இலை தைத்துக் கூடு கட்டும் முசுறு கடிக்கும்தான், ஆனால் முசுறு இருக்கும் கொப்பில் புழு தங்காது. புழுவின் முதுகில் சோற்றுப்பருக்கைபோல வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தால் அதை நசுக்காதீர்கள். அவை குளவிக் கூடுகள். அந்தப் புழு இனித் தின்னப்போவதில்லை, அதிலிருந்து வெளிவரும் குளவிகள் இன்னும் பல புழுக்களைத் தேடிப் போகும்.

மயிர் பட்டால்: தேய்க்க வேண்டாம், சொறிய வேண்டாம். தேய்த்தால் மயிர் முறிந்து இன்னும் உள்ளே போகும். ஒட்டும் பிளாஸ்டரையோ செலோடேப்பையோ பட்ட இடத்தில் மெல்ல ஒட்டி உரித்து எடுங்கள், ஒவ்வொரு முறையும் புதுத் துண்டு. பிறகு சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரால் நிறையக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கண்ணைக் கசக்கக் கூடாது. மூச்சு இழுத்தாலோ முகமும் உதடும் வீங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. குழந்தைகளின் உடுப்பை மயிர்க்கொட்டிக் காலம் முடியும்வரை முருங்கைக்குக் கீழே காயப்போடாதீர்கள். மரம் கிணற்றடியில் நின்றால் கிணற்றுக்கு வலை போடுங்கள். வேலை முடிந்ததும் கையுறையைப் போட்டபடியே சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, அதன்பிறகு கழற்றுங்கள். அன்று உடுத்ததை மற்ற உடுப்புகளோடு சேர்க்காமல் தனி வாளியில் ஊறவையுங்கள்.